விரதம் வேறு, வெறுப்பு வேறு

நம் அசாம் ஜாவா வட்டாரத்தில் புரட்டாசி, தைப்பூச விரதங்களுக்குக் குறைவில்லை. விரதம் முடிந்ததும் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். ஆனால், "நான் குண்டு, எதற்கும் உதவாதவள்" என்று தன்னையே ஏசிக்கொண்டு பட்டினி கிடக்கும் பெண்பிள்ளைக்கு முடிவு நாளே கிடையாது. பசி தாங்காமல் அள்ளிச் சாப்பிடுவாள். உடனே தன்னைத் திட்டிக்கொண்டு வாந்தி எடுப்பாள். அந்தத் திட்டே மறுபடியும் பட்டினியில் கொண்டுபோய்விடும்.

அரண்மனையையும் இது விடவில்லை. 1995 நவம்பரில் பிபிசி பேட்டியில் இளவரசி டயானா, பல ஆண்டுகள் தமக்கு இந்நோய் இருந்ததையும், அப்போது தம்மைத் தாமே மதிக்காத மனநிலையில் இருந்ததையும் மனம்விட்டுச் சொன்னார்.

பந்தியில் பரிமாறும் தாய்மார்களே, "என்னம்மா இப்படி ஊதிவிட்டாய்?" என்று கேட்காதீர்கள். பிள்ளை சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடினால் கண்திருஷ்டி என்று சுற்றிப்போடுவதோடு நிறுத்தாமல், அரசு கிளினிக்கில் காட்டுங்கள்.