ஆறாத அச்சமும் ஆற்றும் மருத்துவமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் மருத்துவர்கள் பேசுவது வழக்கம். மனத்தில் ஏற்படும் காயத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்ட நிர்வாகத்தினருக்கு முதற்கண் என் நன்றி.

இந்தக் காயம் நம் கடற்கரையூர்களுக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவற்றுள் ஏறத்தாழ 6,000 நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர். இடிந்த வீடுகள் மீண்டும் எழுந்தன. உடைந்த படகுகளுக்குப் பதில் புதிய படகுகள் வந்தன. ஆனால் இழந்த உறக்கத்தையும் இழந்த நிம்மதியையும் எந்த நிவாரணப் பட்டியலிலும் எழுதிக் கேட்க இயலாது. அந்த இழப்புக்கும் மருத்துவம் உண்டு என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நோயின் இலக்கணம்

உயிருக்கே ஆபத்தான நிகழ்ச்சியில் சிக்கியவர்கள், அதனை நேரில் கண்டவர்கள், கொடும் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோருள் சிலருக்கு வரும் நோய் இது. இயற்கைப் பேரிடர் மட்டுமன்று. சாலை விபத்து, கலவரம், போர், இல்லத்திற்குள் நடக்கும் கொடுமை, பாலியல் வன்கொடுமை ஆகிய யாவும் இதற்குக் காரணமாகலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக ஏற்று, ஆங்கிலச் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என்னும் பெயரை அளித்தது. தமிழில் ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய்’ எனலாம். முதல் உலகப் போரின்போதே குண்டுவீச்சில் நிலைகுலைந்த வீரர்களிடம் மருத்துவர்கள் இதனைக் கண்டிருந்தனர். அன்று பலர் அவ்வீரர்களைக் கோழைகள் என்றே கருதினர்.

இந்நோய்க்கு நான்கு வகை அடையாளங்கள் உண்டு. முதலாவது, நடந்தது திரும்பத் திரும்ப வருதல். கனவாகவும், விழித்திருக்கும்போதே கண்முன் நிகழ்வது போன்ற தோற்றமாகவும் அது வரும். இரண்டாவது, விலகுதல்; அந்த இடம், அந்தப் பேச்சு, அந்த ஓசை அனைத்தையும் ஒதுக்குவது. மூன்றாவது, எண்ணமும் உணர்வும் மாறிப்போதல்; ‘எல்லாம் என்னால்தான்’ என்ற குற்ற உணர்வு, யாரையும் நம்ப இயலாமை, பெற்ற பிள்ளையிடமும் பாசம் எழாத மரத்த நிலை. நான்காவது, எந்நேரமும் விழிப்பாயிருத்தல். கதவு சாத்தும் ஓசைக்கும் திடுக்கிடுதல், காரணமற்ற கோபம், உறக்கமின்மை. சிறுவர்கள் நடந்ததை விளையாட்டிலே மீண்டும் மீண்டும் நடித்துக் காட்டுவர். விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பி வரும்.

இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, தொழிலையும் குடும்பத்தையும் பாதித்தால்தான் நோய் என்கிறோம். முதல் சில வாரங்களில் அழுகையும் அச்சமும் இயல்பே. உலகில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வாழ்வில் ஒருமுறையேனும் இத்தகைய கொடிய அனுபவத்தைச் சந்திக்கின்றனர் என்றும், அவர்களுள் 5.6 சதவீதத்தினரே இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம்.

ஏன் ஆறுவதில்லை?

நம் மூளையில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு. ஆபத்தைக் கண்டதும் எச்சரிக்கை மணி அடிப்பது அதன் வேலை. ‘இது பழைய கதை, இன்று ஆபத்தில்லை’ என்று அம்மணியை அடக்கும் பொறுப்பு மூளையின் முன்பகுதிக்கு உரியது. இந்நோயில் மணி ஓயாமல் அடிக்கிறது. அடக்கும் பகுதி தளர்ந்துவிடுகிறது. எனவே உடல் இன்னும் அந்த நாளிலேயே நின்றுகொண்டிருக்கிறது. ‘மறந்துவிடு’ என்று உறவினர் சொல்வதால் பயனில்லாமைக்குக் காரணம் இதுவே. மறக்க முயன்று ஒவ்வொன்றாக ஒதுக்கும்போது, அவை ஆபத்தற்றவை என்று மனம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அடைபட்டுப் போகிறது.

பேச்சே மருந்தாகும் விதம்

இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை, பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் முறைப்படி பெறும் பேச்சுச் சிகிச்சையாகும். பொதுவாக வாரம் ஒருமுறையாக 8 முதல் 15 அமர்வுகள் வரை நடைபெறும்.

ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். அலையின் இழுப்பில் அவருடைய கையிலிருந்து குழந்தை நழுவிவிட்டது. ‘நான் கையை விட்டுவிட்டேன்’ என்ற ஒரே வாக்கியத்தோடு அவர் ஆண்டுகளைக் கழிக்கிறார். கடற்கரைப் பக்கம் போவதில்லை. உயிரோடிருக்கும் மகளைத் தூக்கவும் அஞ்சுகிறார்.

எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வகுத்த முறையில், அந்தத் தந்தை அன்று நடந்ததைத் தொடக்கம் முதல் இறுதிவரை, இப்போது நடப்பதுபோல, மருத்துவ அறையின் பாதுகாப்பில் பலமுறை சொல்வார். அதன் ஒலிப்பதிவை வீட்டிலும் கேட்பார். முதலில் அச்சம் பொங்கும்; பிறகு மெல்லத் தணியும். நினைவு நினைவாகவே இருக்கும். ஆனால் அது அவரை ஆளாது. இதனுடன், ஒதுக்கிய இடங்களை அச்சத்தின் அளவுப்படி வரிசையிட்டு, எளியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சென்று வருவார். முதலில் கடல் தெரியும் தெருமுனை, பிறகு மணல், கடைசியில் அலையின் ஓரம்.

பட்ரீசியா ரெசிக் வகுத்த மற்றொரு முறை, அந்த வாக்கியத்தையே ஆராய்கிறது. கையை விட்டது அவரா, பறித்தது அலையா? அந்த நொடியில் அவர் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆறுதலுக்காக மருத்துவர் விடை சொல்லிவிடுவதில்லை. சான்றுகளை அவரே எடை போட்டு, அவர் வாயாலேயே விடை வரச் செய்வதே சிகிச்சை. துக்கம் தங்கும், பொய்யான குற்றச்சாட்டு நீங்கும். கண்களை இருபுறமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் பயனுள்ளதாக ஏற்கப்பட்டிருக்கிறது.

இவை மேல்நாட்டாருக்கே பொருந்தும் என்று எண்ண வேண்டா. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கு முகாம்களில் தமிழ்ச் சிறுவர் 31 பேருக்கு ஆறு அமர்வுகளில் சிகிச்சை அளித்து ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லினர். மறு பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இரு பிரிவிலும் பெரும்பாலான சிறுவர் தேறினர் என்று 2009இல் அந்த ஆய்வு வெளியாயிற்று.

மருந்தின் இடம்

உறக்கமும் உணவும் அற்று, பேச்சுச் சிகிச்சைக்கே ஆற்றல் இல்லாதவர்களுக்கும், மனச்சோர்வு சேர்ந்து வருபவர்களுக்கும் மனநல மருத்துவர் மருந்து தருவார். செர்ட்ரலின், பராக்ஸிடின் ஆகியவை இந்நோய்க்குப் பயன்படுபவை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்களாகலாம். தொடக்கத்தில் சிலருக்குக் குமட்டலோ படபடப்போ வரும். இவை போதை மருந்துகள் அல்ல. எனினும் தேறியவுடன் தாமாக நிறுத்தலாகாது. மருத்துவரின் சொற்படி மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும். ரமலானில் நோன்பு நோற்போர், மருந்தை விட்டுவிடாமல் ஸஹரிலோ இஃப்தாரிலோ எடுத்துக்கொள்வது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

ஓர் எச்சரிக்கை. அல்பிரசோலம், டயசிபாம் போன்ற மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி உறக்கத்திற்காக விழுங்குவோர் உண்டு. அவை இந்நோயை ஆற்றுவதில்லை; பழக்க அடிமைத்தனத்தையே உண்டாக்கும்.

நம்மிடையே உள்ள தயக்கங்கள்

‘ஈமான் உறுதியாக இருந்தால் இது வருமா?’ என்று கேட்போர் உளர். கால் முறிந்தவரிடம் நாம் இக்கேள்வியைக் கேட்பதில்லை. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். அச்சம், சோகம், சினம் ஆகியவற்றை உள்ளத்தின் நோய்களாகப் பிரித்து, அவற்றுக்கு எண்ணங்களின் வழியான சிகிச்சையைக் கூறினார். ஆகவே மருத்துவரை நாடுவது நம் மரபுக்கு அயலானதன்று. துஆவும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மருத்துவத்தை விட்டு மனநோயாளரைக் கட்டிவைத்ததன் விலையை நாம் அறிவோம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்கிறது. அரசு மருத்துவச் சேவையைப் பெறும் உரிமையையும், நோய் விவரம் வெளியே போகாத காப்பையும் அதே சட்டம் அளிக்கிறது.

‘பெண்ணின் திருமணம் தடைப்படும்’ என்பது மற்றொரு தயக்கம். மறைத்த நோய் திருமணத்திற்குப் பின்னும் உடன் வரும் என்பதை எண்ணிப் பாருங்கள். சிகிச்சை பெற்றுத் தேறியவர் குறையுள்ளவர் அல்லர்.

ஜமாஅத் செய்யத்தக்கவை

விபத்தோ பேரிடரோ நேர்ந்த வீட்டிற்குச் செல்லும்போது, ‘எப்படி நடந்தது, சொல்’ என்று வற்புறுத்த வேண்டா. உடனடியாக ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்வது நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவு, உறங்க இடம், பிரிந்த உறவினரைச் சேர்த்துவைத்தல், அருகில் அமைதியாக இருத்தல் ஆகியவையே முதலுதவி. அவர் தாமாகப் பேசினால் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் அந்த வீட்டை விசாரியுங்கள். பாத்திஹாவோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. உறக்கமில்லை, வெளியே வருவதில்லை, தொழிலுக்குப் போவதில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்கு அழைத்துச் செல்லுங்கள். செல்லும் வழியறியாதவர்களுக்காக 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை உண்டு. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாரேனும் வெளியிட்டால் ஒரு நாளும் தாமதியாதீர், தனியே விடாதீர், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வாரந்தோறும் சிகிச்சைக்குச் செல்லும் ஏழைக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. பேருந்துக் கட்டணமும் சேர்கிறது. பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகள் பல இதனாலேயே நின்றுபோகின்றன. நமது பைத்துல்மாலிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கு உதவுவதுபோல இதற்கும் உதவ நிர்வாகம் முன்வர வேண்டுமென வேண்டுகிறேன். பெயர் வெளியிடாமல் உதவுவது மிக முக்கியம். பெண்களுக்குத் துணையாகச் செல்ல நம்பிக்கைக்குரிய சகோதரியர் இருவரை நியமித்தாலும் பெரும் பயன் விளையும்.

பெரியோர்களே! இந்நோயாளி பைத்தியக்காரர் அல்லர், பலவீனரும் அல்லர். தாங்க இயலாத ஒன்றைத் தாங்கி நின்றவர். காலம் கடந்துவிட்டது என்றும் எண்ண வேண்டா. பல ஆண்டுகளுக்குப் பின் சிகிச்சை தொடங்கியவர்களும் தேறுகின்றனர். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருப்பாராயின், இக்கூட்டம் முடிந்து செல்லும்போது அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்; மெதுவாகத் தட்டுங்கள்.