குதிரைப் பந்தயமும் சூதும்



சூதின் கேட்டை உரைக்க வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரமே வகுத்தார். தருமனைக் கானகம் புகச் செய்தது பகடை. அப்பகடைக்குக் குளம்பு முளைத்தால் அதுவும் சூதுதானா என்பதே இன்றைய வினா.

சென்னைக் கிண்டியில் 1777 இல் தொடங்கியது குதிரைப் பந்தயம். நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராக விளங்கிய எம்.ஏ.எம். இராமசாமி, பந்தயக் குதிரைகளால் நாடறிந்த பெயர் பெற்றார். அவர் குதிரைகளின் உரிமையாளர். பணம் கட்டுவோரின் கதையோ வேறு.

கட்டிய தொகையெல்லாம் ஒன்றாகச் சேரும். அதில் வரியும் மன்றத்தின் பங்கும் கழியும். எஞ்சியதே வென்றோர்க்குப் பிரியும். ஆகவே ஒருசிலர் வென்றாலும், கட்டியோர் அனைவரையும் கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது இழப்பே.

1974 இல் கலைஞர் அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டது. குதிரையின் வலிமை, ஓட்டுபவரின் பயிற்சி ஆகியவற்றை ஆய்ந்து கட்டுவதால் இது திறமையாட்டமே என 1996 சனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 இல் குத்தகையை நீக்கிக் கிண்டி நிலத்தை அரசு மீட்டது.

நீதிமன்றம் அளந்தது ஆட்டத்தை. வள்ளுவர் அளந்தது ஆடுவோனை. குறிஞ்சிப்பாடித் தறியில் இழையிழையாய்ச் சேர்த்த கூலி ஓர் ஓட்டத்தில் கரையுமானால், அந்த வீட்டு அடுப்புக்குத் திறமையென்றும் சூதென்றும் வேறுபாடு தெரியாது.