கறுத்த வாழைப்பழத்தில் காபிக் கடை ரொட்டி



புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு வாழைத்தார் கொண்டுவந்து போடுகிறவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே காயும் பழமும் பூவும் மீனும் குவிகிற அங்காடி அது. 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேர் பெயரால் குபேர் அங்காடி என்று எழுதுகிறார்கள். நம் வாயில் வருவது பெரிய மார்க்கெட்தான். அங்கே மஞ்சளாகத் தொங்கும் சீப்புக்கு ஒரு விலை. தோலில் கரும்புள்ளி விழுந்துவிட்டால் விலை இறங்குகிறது. காம்பு கழன்று, தோல் கறுத்துவிட்டால் கேட்பாரில்லை. மாட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும்.

அங்கிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் நடந்து, பெரிய வாய்க்காலைத் தாண்டினால் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு வந்துவிடும். அந்தப் பக்கத்துக் காபிக் கடைகளில் வாழைப்பழ ரொட்டி என்று ஒரு பண்டம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் ஒரு துண்டு வாங்கிக் காபியோடு சாப்பிடுவார்கள். அந்த ரொட்டிக்கு ஏற்ற பழம் எது தெரியுமா? நீங்கள் ஒதுக்கிப் போடுகிற அதே கறுத்த பழம்தான். பழம் எவ்வளவு கனிகிறதோ அவ்வளவுக்கு ரொட்டி ருசிக்கும். அதை நம் வீட்டு அடுப்பில் எப்படிச் செய்வது, அதனால் நமக்கு என்ன ஆதாயம் என்பதை இன்று சொல்கிறேன்.

கனியும்போது என்ன நடக்கிறது?

ரொட்டி என்று பெயர் இருந்தாலும் இது கேக் வகையைச் சேர்ந்தது. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கும் வேலை கிடையாது. சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் வீட்டுக்கு வீடு புழக்கத்துக்கு வந்த பிறகு, 1930-களில் அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் இது பரவலாக இடம் பெற்றது. வீணாகப் போகும் பழத்தை வீணாக்காமல் இருக்க அந்த ஊர்க் குடும்பப் பெண்கள் கைக்கொண்ட வழி இது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது உலகம் முழுக்க வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் திரும்பவும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். பழம் விளைகிற நாம்தான் இதைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

பச்சைக் காயில் நூறு கிராம் சதையில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காய் கனியக் கனிய இந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் ஒன்றிரண்டு கிராம் மாவுச்சத்துதான் மிஞ்சும். கூடவே மணமும் ஏறுகிறது, சதையும் குழைகிறது. ஆகவே கறுத்த பழம் போட்டால் சர்க்கரை குறைவாகப் போதும், பிசைவதும் சுலபம். மஞ்சள் பழம் போட்டுச் செய்தால் ரொட்டி சப்பென்று இருக்கும்.

கனிந்த பழத்துக்கும் அழுகிய பழத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தோல் கறுத்து, உரித்தால் சதை வெளுப்பாகவோ இளம் பழுப்பாகவோ இருந்து இனிப்பு மணம் அடித்தால் அது நல்ல பழம். கள் வாடையோ காடி வாடையோ அடித்தால், நீர் ஒழுகினால், பூசணம் பிடித்திருந்தால், புழு இருந்தால் கண்டிப்பாக எருக்குழிக்குத்தான் அனுப்ப வேண்டும். ‘அடுப்பில் வேகத்தானே போகிறது’ என்று அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

எந்த வாழை ஏற்றது?

ரோபஸ்டா, ஜி-9 முதலிய பச்சைப்பழ ரகங்கள் இதற்கு முதல்தரம். சதை மெதுவாக இருக்கும், நாரும் இல்லை. பூவனில் இலேசான புளிப்பு உண்டு, அதுவும் நன்றாகவே வரும். கற்பூரவள்ளி தேனாக இனிக்கும், அதற்குச் சர்க்கரையைக் கால் பங்கு குறைத்துக் கொள்ளுங்கள். ரஸ்தாளிக்கு மணம் அதிகம். ஆனால் அதன் சதையில் சில சமயம் கல் போன்ற கட்டி விழும் என்பது பயிரிடுகிற உங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டிகளை எடுத்துவிட்டுப் பிசைய வேண்டும். நேந்திரன் என்றால் தோல் முழுக்கக் கறுக்கும் வரை பொறுங்கள். மொந்தன் கறிக்கு உள்ள காய், இதற்கு வேண்டாம்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தையும் தவிர்க்க வேண்டும். தோல் மட்டும் மஞ்சளாகிவிடும், உள்ளே சதை காயாகவே நிற்கும். உடம்புக்குக் கெடுதல் என்பதால் கார்பைடு போடுவது சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. பழையபடி புகை மூட்டம் போட்டோ, அனுமதிக்கப்பட்ட அளவில் எத்திலீன் வாயு கொடுத்தோ பழுக்க வைத்த பழம் உள்ளும் புறமும் ஒருசேரக் கனியும்.

‘சார், புயலில் சாய்ந்த மரத்துத் தாரை இப்படிப் பயன்படுத்தலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோதும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோதும் நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. சாய்ந்த தாரில் காய் முக்கால் பங்குக்கு மேல் முற்றியிருந்தால் பழுக்கும், ரொட்டிக்கும் ஆகும். பிஞ்சுக் காய் எத்தனை நாள் வைத்தாலும் சரியாகக் கனியாது. அதைக் கறிக்கோ வற்றலுக்கோ திருப்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

தேவையான சாமான்கள்

200 மில்லி பிடிக்கும் டம்ளரை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடுத்தரமான பச்சைப்பழம் நான்கு, அதாவது பிசைந்த பழம் ஒன்றரை டம்ளர். மைதா இரண்டு டம்ளர். பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்றும் போடலாம், ரொட்டி கொஞ்சம் கனமாக வரும். சர்க்கரை அல்லது நாட்டுச் சர்க்கரை முக்கால் டம்ளர். வாசனையில்லாத சமையல் எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய் அரை டம்ளர். முட்டை இரண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் அரை டம்ளர் கெட்டித் தயிர் சேர்க்கலாம். சமையல் சோடா தலை தட்டி ஒரு தேக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டி. பட்டைத் தூள் அல்லது ஏலக்காய்த் தூள் சிறிது.

காபிக் கடையில் வால்நட் பருப்புப் போடுவார்கள். அதற்கு நாம் ஏன் அலைய வேண்டும்? பண்ருட்டி முந்திரி பக்கத்தில் இருக்கிறது. அதுவும் விலை அதிகம் என்றால் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு கைப்பிடி போடுங்கள், அருமையாக இருக்கும்.

செய்முறை

முதலில் மாவு, சோடா, உப்பு, வாசனைத் தூள் நான்கையும் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அந்த இடம் சவர்க்காரம் போலக் கசக்கும். வேறொரு பாத்திரத்தில் பழத்தைக் கரண்டியால் மசியுங்கள். அதில் சர்க்கரை, எண்ணெய், முட்டை சேர்த்து நன்றாக அடியுங்கள்.

பிறகு சலித்த மாவைப் பழக் கலவையில் கொட்டி, கரண்டியால் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும், உடனே நிறுத்திவிட வேண்டும். சப்பாத்தி மாவுக்கு அடித்துப் பிசைகிற பழக்கத்தில் இதையும் பிசைந்தால் பசைத்தன்மை ஏறி ரொட்டி ரப்பராகிவிடும். கடலையைக் கடைசியில் சேருங்கள்.

கலந்த மாவைக் காக்க வைக்கக் கூடாது. பழத்திலுள்ள புளிப்பு சோடாவைச் சந்தித்ததும் கரியமில வாயு கிளம்புகிறது. அந்த வாயுதான் ரொட்டியை உப்பச் செய்கிறது. நேரம் கடத்தினால் வாயு வெளியேறிவிடும், ரொட்டி அமுங்கிப் போகும்.

அவன் இல்லாத வீட்டில்

அவன் அடுப்பு இருந்தால் 175 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவன் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம், பழைய பிரஷர் குக்கர் ஒன்று போதும்.

ஐந்து லிட்டர் குக்கரின் அடியில் விரலளவு உயரத்துக்கு உலர்ந்த மணல் அல்லது கல்லுப்புப் பரப்புங்கள். அதன்மேல் ஒரு பிரிமணை அல்லது தட்டு வையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது. மூடியை வைத்து நடுத்தரத் தீயில் பத்து நிமிஷம் சூடேற்றுங்கள். ஏழு அங்குல வட்டப் பாத்திரத்தில் எண்ணெய் தடவி, மாவு தூவி, கலவையை மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஊற்றி உள்ளே வையுங்கள். தீயைச் சிறியதாக்கி ஐம்பது நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை விடுங்கள். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். பிறகு ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

விறகடுப்பு என்றால் கனமான இரும்புச் சட்டியில் இதேபோல் மணல் பரப்பி, கீழே தணலை மட்டாக வைத்து, தகர மூடியின்மேலும் கொஞ்சம் தணல் போடுங்கள். மேலும் கீழும் சூடு இருந்தால்தான் மேல்பக்கம் சிவக்கும்.

காபிக் கடை ரொட்டிக்கு அந்த மினுக்கு எப்படி வருகிறது? ஒரு வாழைப்பழத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் மேலே தெரிய மாவின்மீது வைத்து, ஒரு கரண்டி சர்க்கரை தூவி வேக வைக்கிறார்கள். இந்தப் பழம் மட்டும் மஞ்சளாக, கெட்டியாக இருக்கட்டும். வெந்ததும் சுடச்சுட வெட்டாமல் ஆற விடுங்கள். மறுநாள் விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, தோசைக்கல்லில் இலேசாக வெண்ணெய் விட்டு இரு பக்கமும் வாட்டிக் கொடுங்கள். கடைத் துண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் காண முடியாது.

நம் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றில் இது இரண்டு நாளைக்கு மேல் வெளியில் தாங்காது. குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். ஓர் எச்சரிக்கை: இது பலகாரம், சாப்பாட்டுக்குப் பதில் அல்ல. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பழ ரொட்டிதானே என்று அளவு மீற வேண்டாம்.

வருமானம் உண்டா?

இதை விற்றுச் சம்பாதிக்கலாமா என்று கேட்பீர்கள். கணக்கை உள்ளபடி பார்ப்போம். ஒரு ரொட்டிக்கு நான்கு பழம். நூறு பழம் உள்ள ஒரு தார் ஒரே நாளில் கனிந்துவிட்டால் 25 ரொட்டி சுட வேண்டும். ஒரு குக்கரில் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே தோட்டத்துப் பழம் முழுவதையும் ரொட்டியாக்கிவிட முடியாது. விலை வீழ்ச்சிக்கு இதுவே மருந்து என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மிஞ்சுகிற சீப்புகளுக்கு இது வழி. பழத்தை மூன்று கூறாகப் பிரித்துப் பழகுங்கள். மஞ்சள் பழம் மார்க்கெட்டுக்கு. புள்ளி விழுந்தது அன்றன்றே வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும். கறுத்தது ரொட்டிக்கு. அன்றைக்கே செய்ய நேரமில்லை என்றால் உரித்து மசித்து, டப்பாவில் அடைத்து, பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தால் ஒரு மாதம் கெடாது.

மகளிர் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து செய்கிறவர்கள் முதலில் பத்து ரொட்டி செய்து, செலவை எழுதிப் பாருங்கள். மாவு, முட்டை, எண்ணெய், கேஸ், உறை எல்லாம் எழுதுவோம், நம் கையுழைப்பை மட்டும் எழுத மறந்துவிடுவோம். சொந்தத் தோட்டத்துப் பழத்துக்கும் மார்க்கெட் விலையைப் போட்டு எழுதுங்கள். அப்போதுதான் இலாபமா நஷ்டமா என்பது தெரியும். வெளியே விற்பதென்றால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். கடைக்காரர் இன்றைக்கு வாங்கிய அதே எடை, அதே ருசி நாளைக்கும் கேட்பார். அளவு மாறாமல் செய்யப் பழகிய பிறகு கடைப்படி ஏறுவது நல்லது.

புதுச்சேரி வட்டாரத்தில் உள்ளவர்கள் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். திருச்சியில் 1993 முதல் இயங்கி வரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வாழையிலிருந்து பலவகைப் பண்டங்கள் செய்வதில் வேலை செய்து வருகிறது.

உழுது, நட்டு, பத்து மாதத்துக்கு மேல் தண்ணீர் கட்டி, முட்டுக் கொடுத்துக் காப்பாற்றிய தார் அது. கடைசி நாலு பழத்தைக் குப்பையில் கொட்டினால் அந்தத் தண்ணீரையும் உழைப்பையும் சேர்த்தே கொட்டுகிறோம். இந்த வாரம் உங்கள் வீட்டில் கறுத்துக் கிடக்கிற பழத்தை எடுத்து ஒரு தடவை செய்து பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு அடுப்பிலிருந்து இறக்குங்கள்.