40,000 ஆமைகளும் 702 கூடுகளும்



வாழ்க்கையில் முன்னுக்கு வருவது எப்படி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. விலங்கியலும் மீன்வளமும் படித்து இன்று பட்டத்தோடு வெளியேறுகிறவர்கள் நீங்கள். எனக்குத் தெரிந்தது ஆமை. ஆகவே ஆமையைப் பற்றிப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

மெக்சிகோ நாட்டின் தமவுலிபாஸ் மாநிலத்தில், வளைகுடாக் கரையில், ராஞ்சோ நுவேவோ என்றொரு இடம். 1947 ஜூன் 18ஆம் நாள் ஆந்திரேஸ் எர்ரேரா என்ற பொறியாளர் சிறிய விமானமொன்றில் அங்கே போய் இறங்கினார். ஆமைகள் கூட்டமாகக் கரையேறுமாம் என்று கேள்விப்பட்டுப் பல முறை பறந்து தேடியவர் அவர். அன்றைக்கு வாய்த்தது. கையில் கொண்டுபோயிருந்த கேமராவில் சில நிமிடங்கள் படம் பிடித்தார். பட்டப்பகல். மணல் கண்ணில் படாத அளவுக்கு ஆமைகள். ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறிப் போகிறது, ஒன்று மூடிவிட்டுப் போன குழியை அடுத்தது தோண்டுகிறது. அந்தப் படத்தை வைத்துப் பின்னாளில் கணக்குப் போட்டவர்கள், ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பெண் ஆமைகள் என்றார்கள்.

அவை கெம்ப் ஆமைகள். நம் கடற்கரைக்குத் தை, மாசி, பங்குனியில் வருகிற பங்குனி ஆமைக்கு மிக நெருங்கிய சொந்தம். அந்த இனம் எங்கேதான் முட்டையிடுகிறது என்பது ஆய்வாளர்களுக்கு நெடுநாள் புதிர். கடலாமை ஆய்வின் முன்னோடி ஆர்ச்சி கார் ஆண்டுக்கணக்கில் அதற்காக அலைந்தார். விடையோ எர்ரேராவின் படச்சுருளுக்குள் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஹென்றி ஹில்டெப்ராண்ட் என்ற உயிரியலாளர் அதைத் தேடிப் பிடித்து அறிஞர்கள் முன்னால் திரையிட்டபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. கழுதைகளின் முதுகில் மூட்டைமூட்டையாக முட்டைகள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன.

1966இல் மெக்சிகோ அரசு அந்தக் கரைக்குக் காவல் போட்டது. வெறும் அறிவிப்புப் பலகை நட்டுவிட்டுப் போகவில்லை. துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர்கள் நின்றார்கள். முட்டைத் திருட்டு பெரும்பாலும் ஒழிந்தது. பிறகு என்ன ஆகியிருக்க வேண்டும்? எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். 1985இல், பருவம் முழுவதும் ஓடி ஓடி எண்ணியதில் கிடைத்தவை 702 கூடுகள். ஒரு பெண் ஆமை பருவத்துக்கு இரண்டு, மூன்று முறை முட்டையிடும். அப்படியென்றால் மிஞ்சியிருந்த தாய் ஆமைகள் சில நூறு.

ஏறக்குறைய 20 ஆண்டு காவலுக்குப் பிறகு இந்தக் கதி. இதை நான் உங்கள் முன் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காவலில் ஊழல் இல்லை, சோம்பல் இல்லை, அறியாமைகூட இல்லை. நல்லவர்கள் நன்றாகச் செய்த வேலை அது. ஆனாலும் போதவில்லை.

ஏன் என்று அறிய ஆமையின் ஆயுள்கணக்கைப் பார்க்க வேண்டும். ஓடு எப்படி உண்டானது, விலா எலும்புகள் விரிந்து தோள்பட்டை எலும்பையே உள்ளே இழுத்துக்கொண்ட கூத்து, 22 கோடி ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வாழ்ந்த, வயிற்றுப்பக்கம் மட்டும் ஓடு வைத்திருந்த பல்லுள்ள ஆமை — இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு முக்கியம் அதன் நிதானம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜார்ஜ் காப்பகம் என்ற இடத்தில் பிளாண்டிங் ஆமை என்ற சதுப்புநில ஆமையை 1950கள் தொட்டுக் குறிபோட்டுக் கண்காணித்திருக்கிறார்கள். அது பருவமடைவதற்கே 14 முதல் 20 ஆண்டுகள். எண்பது வயதைக் கடந்த பெண் ஒன்று அங்கே கரையேறி முட்டையிட்டிருக்கிறது. வயதான பெண்கள் தளர்வதில்லை. இளையவற்றைவிட அதிகமாகவே முட்டையிடுகின்றன. நரியும் ரக்கூனும் முட்டைகளைத் தின்கின்றன, சில ஆண்டுகளில் ஒரு கூடுகூடத் தப்புவதில்லை. அதனால் குடி முழுகிவிடுவதில்லை. அடுத்த ஆண்டு இருக்கிறது, அதற்கடுத்த ஆண்டும் இருக்கிறது. ஆனால் வளர்ந்தவற்றில் கொஞ்சம் கூடுதலாகச் செத்தால் போதும், அந்தக் கூட்டம் எழுந்திருக்காது. ஜஸ்டின் காங்டன் குழுவினர் 1993இல் இதை எண்களோடு எழுதினார்கள். வளர்ந்த ஆமைகளை 'அளவோடு பிடித்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு அந்தக் கட்டுரைக்குப் பிறகு இடமில்லை.

கடலாமைக்கும் இதே கணக்குத்தான். 1987இல் டெபோரா க்ரவுஸ், லாரி க்ரவுடர், ஹால் காஸ்வெல் மூவரும் பெருந்தலை ஆமைக்கு ஒரு கணித மாதிரி செய்தார்கள். ஆமையின் ஆயுளைப் பருவங்களாகப் பிரித்து, எந்தப் பருவத்தில் சாவைக் குறைத்தால் இனம் மீளும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். முதல் ஆண்டில் ஒரு முட்டையோ குஞ்சோ சாகவில்லை, நூற்றுக்கு நூறும் பிழைக்கிறது என்று வைத்துப் பார்த்தார்கள். நடக்கவே நடக்காத விஷயம், ஒரு பேச்சுக்கு. அப்போதும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. ஓரளவு வளர்ந்த, இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் ஆமைகளின் சாவைக் குறைத்தபோதுதான் கோடு மேலே திரும்பியது. உலகமெங்கும் கடலாமைப் பாதுகாப்பு எந்தப் பருவத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததோ, அந்தப் பருவம்தான் கணக்கில் மிகக் குறைவாக அசைந்தது.

கரையில் நாம் பார்ப்பது குஞ்சு. உள்ளங்கையில் அடங்கும், கடலை நோக்கி ஓடும், புகைப்படத்துக்கு வாகானது. அமைச்சரும் விடலாம், பள்ளிப் பிள்ளையும் விடலாம். ஐம்பது சென்டிமீட்டர் ஓட்டோடு எங்கோ ஆழத்தில் நண்டு தேடித் திரியும் பதின்வயது ஆமையை யார் பார்க்கிறார்கள்? அது சாகும் இடமும் கண்ணுக்குத் தெரியாது. அது இறால் பிடிக்கும் இழுவை மடிக்குள் சாகிறது.

ஆமை மூச்சடக்குவதில் மன்னன். வட அமெரிக்கக் குளங்களில் வாழும் வண்ண ஆமை, பனிக்கட்டிக்கு அடியில், ஆக்சிஜன் அறவே இல்லாத நீரில் மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை அதன் ஓட்டிலிருந்து கசியும் கால்சியம், மெக்னீசியம் கார்பனேட்டுகள் முறிக்கின்றன. கவசம் என்று நாம் நினைத்த ஓடு, அமில முறிவு மருந்துக் கிடங்கும்கூட. ஆனால் அதற்குக் குளிர் வேண்டும், அசையாத உடம்பு வேண்டும். வெப்பமான கடலில் வலைக்குள் சிக்கித் திமிறும் ஆமைக்கு இரண்டும் கிடையாது. கையிருப்பு ஆக்சிஜனைத் திமிறித் திமிறியே தீர்த்துவிடுகிறது. ஒரு பாடு, அதாவது வலையை ஒரு முறை இறக்கி இழுக்கும் நேரம், ஒரு மணியைத் தாண்டினால் மூழ்கிச் சாகும் ஆமைகளின் விகிதம் கடகடவென ஏறுகிறது. 1990இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் தந்த அறிக்கையின்படி, அந்நாட்டுக் கடலில் இறால் இழுவைப் படகுகளில் மட்டும் ஆண்டுக்கு 50,000 பெருந்தலை ஆமைகளும் 5,000 கெம்ப் ஆமைகளும் வரை செத்திருக்கலாம். மனிதர் செய்யும் மற்ற எல்லாக் கேடுகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடில்லை என்றது அந்த அறிக்கை. ராஞ்சோ நுவேவோ மணலில் வீரர்கள் காவல் காத்த குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, தாயாகும் தறுவாயில் போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

இதற்கான மாற்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறக்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் டேரியன் என்ற ஊர். அங்கே சிங்க்கி பூன் என்று ஓர் இறால் மீனவர். அவருக்கு ஆமைமேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை, சொறிமீன் தொல்லை. வலை நிறையச் சொறிமீன் சேர்ந்து இறாலை நசுக்கியது. 1960களின் பிற்பகுதியில் அவர் வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைக் கட்டினார். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து மடிக்குப் போகும். பெரிய உருப்படி கம்பியில் மோதிச் சறுக்கி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியே போகும். சொறிமீனுக்குத் திறந்த வாசலில் ஆமையும் வெளியேறியது. இன்று உலகெங்கும் ஆமை விலக்கும் கருவி என்று பேசப்படுவதற்கு மூலம் இந்தச் சட்டம்.

கருவி வந்தவுடன் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். 1989இல் அமெரிக்க அரசு கட்டாயமாக்கியபோது டெக்சாஸ், லூசியானா மீனவர்கள் படகுகளைக் குறுக்கே நிறுத்தித் துறைமுகங்களை அடைத்தார்கள். லூசியானா அரசு, இந்த விதியைத் தன் அதிகாரிகள் அமல்படுத்தக் கூடாது என்றே சட்டம் போட்டிருந்தது. அதை விலக்கிக்கொள்ள 2015 வரை ஆனது. அந்த மீனவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. டீசல் விலை அவர்கள் தலையில், இறால் நழுவினால் நட்டம் அவர்களுக்கு, புகழ் விஞ்ஞானிக்கு.

ஆனால் கெம்ப் ஆமை எழுந்தது. 1990களில் கூடுகள் மெல்ல ஏறின. 2009இல் மெக்சிகோவில் ஏறத்தாழ 20,000 கூடுகள். கருவி ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். முட்டைக்காவல் இல்லாவிட்டால் காப்பாற்ற ஆமையே மிஞ்சியிருக்காது. அதோடு, அமெரிக்க இறால் படகுகள் பல தொழிலைவிட்டே போயின. ஆசியப் பண்ணை இறால் அங்கே மலிவாக வந்து இறங்கியதும் அதற்கு ஒரு காரணம். 2010இல் அந்த ஏற்றம் தடைப்பட்டது. அதே ஆண்டு வளைகுடாவில் நடந்த எண்ணெய்க் கசிவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

இடையில் இன்னொரு முயற்சியும் நடந்தது. 1978 முதல் மெக்சிகோ முட்டைகளை, அந்த மண் படாமல் பையில் ஏந்தி, டெக்சாஸின் பாத்ரே தீவு மணலில் வைத்துப் பொரித்து, கால்வெஸ்டனில் தொட்டிகளில் மாதக்கணக்கில் வளர்த்து விட்டார்கள். நேட் ஃபிரேசர் என்ற ஆய்வாளர் 1992இல் இதைப் பாதிவழித் தொழில்நுட்பம் என்று விமர்சித்தார். நோயின் காரணத்தை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து தருவது என்பது அவர் கருத்து. குறை எதுவாயினும், அப்படி வளர்ந்தவற்றில் சில 1996 முதல் பாத்ரே தீவுக்கே திரும்பி வந்து முட்டையிட்டன. அந்தத் தொட்டிகளில் உழைத்தவர்களின் உழைப்பை நான் இளக்காரம் செய்ய மாட்டேன்.

நல்லெண்ணம் சறுக்கிய இடம் நமக்கு அருகிலேயே உண்டு. மலேசியாவின் திரெங்கானுவில் ரந்தாவ் அபாங் கடற்கரை. முதுகில் ஏழு வரிகளோடு, ஒரு மாட்டு வண்டி அகலத்துக்கு வருகிற ஏழுவரி ஆமை 1950களில் அங்கே ஆண்டுக்கு 10,000 கூடுகள் வைத்தது. முட்டைகள் ஏறக்குறைய அனைத்தும் எடுக்கப்பட்டுச் சந்தைக்குப் போயின. பிறகு விழித்துக்கொண்டு பொரிப்பகம் தொடங்கினார்கள். கடலாமை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. ஏறத்தாழ 29 பாகைக்கு மேலே பெண், கீழே ஆண். வெயிலில் கிடந்த பொரிப்பக மணல் சூடாக இருந்ததால் ஆண்டாண்டாகப் பெண் குஞ்சுகளே வெளிவந்தன. பின்னாளில் கூடுகள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு இறங்கிவிட்டன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் இப்போது பொரிப்பகம் எதுவும் இல்லாமலே அதே நிலை: 2018இல் வெளியான ஆய்வில் அங்குள்ள இளம் பேராமைகளில் நூற்றுக்கு 99 பெண்.

சென்னைக்கு வருகிறேன். 1970களில் ஊர்வன ஆய்வாளர்களான ரோமுலஸ் விட்டேக்கரும் சதீஷ் பாஸ்கரும் நண்பர்களும் ஆமைக் கூடு தேடி இரவில் கடற்கரை வழியே நடக்கத் தொடங்கினார்கள். 1988இல் மாணவர்கள் அதற்கென ஓர் அமைப்பையே உருவாக்கினார்கள்; இன்றும் நடக்கிறார்கள். முட்டையை எடுத்துப் பாதுகாப்பது அவர்கள் வேலையில் ஒரு பாதி. செத்து ஒதுங்கிய ஆமைகளை எண்ணிப் பதிவு செய்வது மறுபாதி, அதற்குத்தான் கைதட்டல் குறைவு. 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றி 1,000க்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் பிணமாக ஒதுங்கின. பெரும்பாலும் வளர்ந்த ஆமைகள். க்ரவுஸ் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு அந்த எண் எவ்வளவு பெரியது என்று விளங்கும். அத்தனை வளர்ந்த ஆமைகளை ஈடுகட்ட எத்தனை குஞ்சு விட வேண்டும் என்று விடுதி அறையில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

சட்டம் இல்லாமலில்லை. பங்குனி ஆமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விசைப்படகுகள் கரையோரம் இழுக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. பங்குனி ஆமை வந்து போய்விடும் காலம் அது. ஆமை விலக்கும் கருவியை நம் கடலுக்கேற்பக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. படகில் அதைக் காண்பதுதான் அரிது. இந்தக் கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மறுத்ததற்காக இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் அமெரிக்காவை உலக வணிக அமைப்புக்கு இழுத்த வழக்கில் 1998இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா விதியை அமல்படுத்திய விதம் பாரபட்சமானது, ஆமையைக் காக்கும் நோக்கம் தவறல்ல என்றார்கள். 2019இல் நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதையே அமெரிக்கா நிறுத்தியது. நட்டம் ஆமைக்கு, மீனவருக்கு, ஏற்றுமதியாளருக்கு என்று மூன்று பக்கமும்.

உங்களில் சிலர் மீன்வளத் துறைக்குப் போவீர்கள், சிலர் ஆய்வுக்கு, சிலர் குடும்பத்தின் படகுத் தொழிலுக்கே. காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ விசைப்படகு உரிமையாளரிடம் இந்தக் கருவியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பாட்டுக்கு எத்தனை கிலோ இறால் நழுவும்? நியாயமான கேள்வி. கொச்சி அறிக்கையைக் காட்டினால் அவர் ஏற்கமாட்டார். அவருடைய வலையில், அவர் இழுக்கும் ஆழத்தில், ஒரு பாடு கருவியோடும் ஒரு பாடு கருவியில்லாமலும் இழுத்து, அவர் கண் முன்னால் எடைபோட வேண்டும். ஜனவரி தொடங்கி மார்ச் வரை, ஆமை இருக்கிற நாட்களில். வாந்தி வரும், தூக்கம் போகும், கட்டுரை வெளிவர ஆண்டுகள் ஆகும். படகில் ஏற விருப்பமுள்ளவர்கள் விழா முடிந்ததும் என்னைப் பாருங்கள். வருகிற ஜனவரிக்கு ஆள் வேண்டும்.