கான்கிரீட்டும் தண்ணீரும்

1957இல் இராசபாளையத்துப் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நிறுவனமே இன்றைய ராம்கோ சிமெண்ட்ஸ். சிமெண்டுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்திலும், திருவில்லிபுத்தூர் வெயிலில் தளம் காய்ந்தாலே இறுகிவிடும் என்று எண்ணுவோர் உளர். அன்று, சிமெண்ட் நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. 50 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 25 லிட்டர் போதும். குழைவுக்காக மிகுதியாய் ஊற்றினால், அந்நீர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். அவ்வழியே ஈரமும் காற்றும் புகுந்து கம்பி துருவேறும். தொகுப்பு வீடுகளில் கூரை பெயர்ந்து விழுவதை நீங்கள் காணாதவர்களல்லர்! மணலில் மண் கலந்திருப்பினும் பிடிப்புக் கெடும். தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்ததற்கு 10. நம் கோடைக்கு 14. ஒப்பந்தக்காரர் மூன்றாம் நாளே நிறுத்தினால், பொறியாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அவர் வரும்வரை குடமெடுத்து நாமே ஊற்றுவோம்.