சிரிப்பை அளந்த மீட்டர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஹாஸ்யத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு ஹிந்தித் தொடரைப் பற்றிச் சொல்கிறேன். 2004 நவம்பரில் ஸ்டார் ஒன் சேனலில் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' ஆரம்பித்தது. சீரியல்களில் மாமியாரும் மருமகளும் தினம் கண்ணீர் வடித்த காலம் அது. ஆதிஷ் கபாடியா எழுதி, தேவேன் போஜானி இயக்கிய இத்தொடர் அதே சண்டையைச் சிரிப்பாக்கியது. மாமியார் மாயா குரலை உயர்த்த மாட்டார். "மிடில் கிளாஸ்" என்ற ஒரே சொல்லால் மருமகள் மோனிஷாவைக் குத்துவார். மாமனார் இந்திரவதனோ மருமகள் கட்சி!

அந்நாளில் சில ஆயிரம் வீடுகளில் வைத்த மீட்டர்தான் டி.ஆர்.பி.யைத் தீர்மானித்தது. அது போதவில்லையென்று 2006-ல் தொடர் நின்றது. மறு ஒளிபரப்பில்தான் ரசிகர்கள் பெருகினார்கள். 2017-ல் ஹாட்ஸ்டாரில் மீண்டும் வந்தபோது, பழைய ருசி இல்லையே என்று பலர் குறைப்பட்டார்கள்.

மீட்டரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அப்போது என் ஆத்துக்காரி ஆசையாகப் பார்க்க உட்காருவாள். நான் ரிமோட்டை வாங்கிச் செய்திக்கு மாற்றிவிடுவேன். இன்று அவள் இல்லை. தனியாகப் பார்க்கிறேன்; சிரிப்பு வந்தால் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறேன். இந்திரவதனாக நடித்த சதீஷ் ஷாவும் 2025 அக்டோபரில் காலமானார்.

கேட்டுக்கொள்வது ஒன்றே: பிடித்ததை, இருக்கும்போதே, சேர்ந்து உட்கார்ந்து ரசியுங்கள்.