ஐந்தாவது பாகம்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இஸ்ராயேல் மக்கள் ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடினார்கள். விற்றுப்போன நிலம் அந்த ஆண்டில் உரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது சட்டம். பெற்றதைத் திருப்பித் தரும் ஆண்டு அது. பொன்விழாக் காணும் நாம் எதைத் திருப்பித் தரப்போகிறோம்?

நம்மில் பலருடைய வாழ்வு ஒரு தொடக்கப் பள்ளித் திண்ணையில் திறந்தது. நம் கைவிரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தவர் ஓர் ஆசிரியர். அப்படிப்பட்ட ஆசிரியர்களை உருவாக்க உதவுவதே தக்க கைம்மாறு என்று நாம் கருதுகிறோம்.

இதற்கு நம் கோவையிலேயே ஓர் அருமையான முன்மாதிரி உண்டு. பீளமேடு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடு அவர்களின் நான்கு புதல்வர்கள் 1926-இல் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தார்கள். பிள்ளைகள் நால்வர், பாகங்களோ ஐந்து! ஐந்தாவது பாகத்தை அறத்துக்கென்று ஒதுக்கினார்கள். 2,01,000 ரூபாய் மூலதனத்தோடு பி.எஸ்.ஜி. அறநிலையம் பிறந்தது. பிற்காலத்தில் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அந்தப் பாகத்தில் விளைந்தவை. ஆனால் அந்தக் குடும்பம் முதலில் தொடங்கியது, 1924-இல், சர்வஜன உயர்நிலைப் பள்ளியையே. பங்கிட்டு எஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. பங்கிடும்போதே தருமத்தையும் ஒரு பிள்ளையாக எண்ணிக் கொடுத்தார்கள். இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனிக் கலை. பி.எட். பட்டம் தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்குத் தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதற்கென்று பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டுப் பட்டயப் பயிற்சி இருக்கிறது. உடுமலையை அடுத்த திருமூர்த்தி நகரில் இதற்கான அரசு நிறுவனமும் உண்டு.

அப்படியானால் உதவித்தொகை எதற்கு என்று கேட்பீர்கள். கட்டணம் மட்டுமா செலவு? பஸ் கட்டணம், விடுதிச் சாப்பாடு, பயிற்சிப் பாடத்துக்கு வேண்டிய அட்டை, வண்ணம், துணைக்கருவிகள், பதிவேடுகள் என்று மாதந்தோறும் கை நீளும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண் சனிக்கிழமைதோறும் வீட்டுக்குச் சம்பளம் கொண்டு வருகிறாள்; பயிற்சிக்குப் போகும் பெண்ணோ வீட்டிலிருந்து பணம் கேட்கிறாள். கூலி வேலை செய்யும் தகப்பனார் என்ன செய்வார்? பெண் படிப்பை நிறுத்துகிறாள். பயிற்சி முடித்தவர்க்கும் பாதை நீளமே. ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழகத்தில் 2012 முதல் நடைபெறுகிறது. அதில் தேறினாலும் அரசுப் பள்ளி வேலைக்குப் போட்டித் தேர்வு ஒன்று காத்திருக்கிறது.

ஆகவே குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் நினைவாகவோ, பிள்ளையின் திருமண நினைவாகவோ ஒரு தொகையை வைப்பு நிதியாக ஒதுக்குங்கள். அதன் வட்டி ஆண்டுதோறும் ஓர் ஆசிரியப் பயிற்சி மாணவருக்குச் சேரட்டும். ஒரு குடும்பத்தால் இயலாவிடில் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, மாமன் மச்சான் சேர்ந்து செய்யலாம்.

மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தேர்ந்தெடுத்த மாணவருக்கு இரண்டு ஆண்டும் தடையின்றிக் கொடுக்க வேண்டும். பாதியில் நிற்கும் உதவி, பாதிக் கிணறு தாண்டியது போல. கூடுமானால் தகுதித் தேர்வு எழுதும் வரை துணை நிற்பது நலம். இரண்டாவது, பயிற்சி தொடங்கும் மாதத்திலேயே பணம் கைக்குச் சேர வேண்டும்; கடன் வாங்கிய பின் வரும் உதவி வட்டிக்கே போய்விடும். மூன்றாவது, பெறுகிறவரை மேடையேற்றிக் கூசச் செய்யலாகாது. அவர் ஏழை என்பதை ஊர் அறிய வேண்டியதில்லை. நல்ல ஆசிரியர் என்று நாளை அறிந்தால் போதும்.

ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைப் பெரிதாக மதித்தவர் நம் ஆண்டவர். தொகை சிறிதே என்று யாரும் தயங்க வேண்டாம். ஓர் ஆசிரியர் முப்பது ஆண்டு பணியாற்றினால் எத்தனை நூறு குழந்தைகள் அவர் கையால் எழுத்தறிவார்கள்! அத்தனை வீடுகளிலும் உங்கள் குடும்பத்தின் விளக்கு எரியும்.

இன்று வீடு திரும்பியதும் குடும்பத்தோடு அமர்ந்து பேசுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை எண்ணும்போது இன்னொரு பிள்ளையையும் சேர்த்து எண்ணுங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பாகம் வையுங்கள்.